மொத்தம் சொல்லாத சதவீதம்: மைக்கேல் பெலீல் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க வரலாற்றாளர் அமைப்பின் ஆய்விதழான ‘ஜர்னல் ஆஃப் அமெரிக்கன் ஹிஸ்டரி’ 1996 செப்டம்பரில் ஒரு கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் எமரி பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் மைக்கேல் பெலீல். அமெரிக்காவில் துப்பாக்கிக் கலாச்சாரம் எப்போது தொடங்கியது என்பது கேள்வி. குடியேற்றக் காலத்திலும் விடுதலைப் போர்க் காலத்திலும் பெரும்பாலான வீடுகளில் துப்பாக்கி இல்லை, இருந்தவற்றிலும் பாதிக்கு மேல் பழுதானவை, ஆலை உற்பத்தி பெருகி உள்நாட்டுப் போர் நெருங்கிய பிறகே அது வீட்டுப் பொருளானது என்பது அவருடைய பதில். அந்தப் பதிலைத் தாங்கியது ஓர் அட்டவணை. இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களைச் சுமார் 40 கவுன்ட்டிகளிலிருந்து (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) எடுத்து எண்ணியதாகவும், 1765 முதல் 1790 வரையிலான பட்டியல்களில் 14.7 சதவீதத்தில் மட்டுமே துப்பாக்கி இருந்ததாகவும் அது சொன்னது.

அந்த ஆண்டின் சிறந்த கட்டுரைக்கான விருது இதற்குக் கிடைத்தது. 2000 செப்டம்பரில் நாஃப் பதிப்பகம் இதை விரித்து ‘ஆர்மிங் அமெரிக்கா’ என்ற நூலாக வெளியிட்டது. 2001இல் அமெரிக்க வரலாற்றுத் துறையின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான பான்க்ராஃப்ட் பரிசு வந்தது. 2002 டிசம்பரில், அதை வழங்கும் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்தப் பரிசைத் திரும்பப் பெற்றது. அந்தப் பரிசின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அதே மாத இறுதியில் பெலீலின் எமரி வேலையும் போனது.

கட்டுரையிலிருந்து வீழ்ச்சி வரை ஆறு ஆண்டுகள். அதற்குள் மதிப்பாய்வாளர்கள், விருதுக் குழுக்கள், பதிப்பக ஆசிரியர்கள், பத்திரிகைத் திறனாய்வாளர்கள் எனப் பலர் அந்த அட்டவணையைக் கடந்துபோனார்கள். அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் ‘இத்தனை ஆவணங்களில் இத்தனை’ என்ற எண் இல்லை. வெறும் சதவீதம்தான் இருந்தது. இந்த விவகாரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே அடிப்படைத் தவறு என்பது நம் கருத்து. அந்த எண்ணை அச்சுக்கு முன் கேட்டிருந்தால் ஒன்று கட்டுரை திருந்தியிருக்கும், இல்லையென்றால் நின்றிருக்கும்.

சான்று எப்படிப்பட்டது

ஒருவர் இறந்ததும் நீதிமன்றம் நியமித்த இரண்டு மூன்று பேர் வீட்டுக்குப் போய், கட்டில், பானை, மாடு, கருவி என்று ஒவ்வொன்றையும் எழுதி விலை போடுவார்கள். அதுதான் சொத்துப் பட்டியல். உயில் வேறு. தன் பொருள் யாருக்குப் போக வேண்டும் என்று இறந்தவர் சொல்லிவைப்பது அது. உயிலில் எல்லாப் பொருளும் வராது, வர வேண்டியதும் இல்லை. பெலீல் தன் நூலில் இந்த இரண்டையும் பல இடங்களில் ஒன்றாகவே பேசுகிறார். சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

சொத்துப் பட்டியலும் முழுமையான கண்ணாடி அல்ல. இறந்தவர்கள் ஊர்ச் சராசரியைவிட வயதானவர்கள். ஏழைகளின் சொத்துக்குப் பட்டியல் போடுவது குறைவு. தந்தை சாகும் முன்பே துப்பாக்கியை மகனுக்குக் கொடுத்துவிட்டிருக்கலாம். சில எழுத்தர்கள் ‘வீட்டுச் சாமான்கள், மொத்தமாக’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பட்டியலில் துப்பாக்கி கண்ணில் படாததை, வீட்டில் துப்பாக்கி இல்லை என்று எண்ணக் கூடாது. பெயரும் சீராக இருக்காது: மஸ்கட் (அக்கால நீள்குழல் துப்பாக்கி) என்று இருக்கும், பறவை சுடும் துப்பாக்கி என்று இருக்கும், குழாயும் விசையும் தனித்தனியாகவும் இருக்கும். ஆகவே எண்ணத் தொடங்கும் முன் விதி எழுதிக்கொள்ள வேண்டும். எந்தச் சொற்களைச் சேர்ப்பது, எந்தப் பட்டியலை ‘பொருள் வாரியாக எழுதப்படவில்லை’ என்று விலக்குவது, பெண்களின் பட்டியலைச் சேர்ப்பதா தனியே காட்டுவதா என்பதெல்லாம் அந்த விதியில் இருக்க வேண்டும். இந்த விதிகள் கட்டுரையில் அச்சாகவில்லை என்றால், அதே காகிதங்களை எண்ணும் இரண்டாவது ஆள் வேறு விடைக்கு வந்தால் யார் சரி என்று சொல்ல வழியில்லை.

எண் இல்லாததால் என்ன ஆகிறது

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். எல்லைப்புறத்தில் 1,200 பட்டியல்களில் 14 சதவீதம், தெற்கில் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தெற்கில் 300 பட்டியல்கள் பார்த்திருந்தால் துப்பாக்கி உள்ளவை 168, 54, ஆக 222; மொத்தம் 1,500இல் 14.8 சதவீதம். தெற்கிலும் 1,200 பார்த்திருந்தால் 168, 216, ஆக 384. மொத்தம் 2,400இல் 16 சதவீதம். வட்டாரச் சதவீதங்கள் மாறவில்லை. நாட்டுச் சராசரி மாறிவிட்டது. வட்டார எண்ணிக்கை தெரியாமல் சராசரி சரியா என்று எவராலும் கூட்டிப் பார்க்க முடியாது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் லிண்ட்கிரென் பின்னாளில் இந்த அட்டவணையை நோண்டத் தொடங்கியதும் இங்கேதான் கை வைத்தார். தெரிந்த மாதிரி அளவுகளைப் போட்டுப் பார்த்தால் 14.7 என்ற விடை கணக்கிலேயே வராது என்று காட்டினார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தரவு அப்போதே அச்சில் இருந்தது. பொருளியல் வரலாற்றாளர் ஆலிஸ் ஹான்சன் ஜோன்ஸ், 1774ஆம் ஆண்டுக்கான 919 சொத்துப் பட்டியல்களை எழுத்துக்கு எழுத்து படியெடுத்து 1977இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டிருந்தார். பெலீல் அதைப் பயன்படுத்தியதாகவும் குறிப்பிட்டிருந்தார். லிண்ட்கிரெனும் ஜஸ்டின் ஹெதரும் அதே தொகுதிகளை எடுத்து எண்ணியபோது பாதிப் பட்டியல்களில் துப்பாக்கி இருந்தது. நூலகத்தில் கிடைக்கும் மூன்று தொகுதிகள், யார் வேண்டுமானாலும் சில வாரங்களில் எண்ணி முடிக்கலாம். 1996இல் ஒரு மதிப்பாய்வாளர் இதைச் செய்திருந்தால் போதும்.

சரிபார்த்தவர்கள் கண்டது

முதலில் சந்தேகப்பட்டவர் கிளேட்டன் கிரேமர். அப்போது அவர் முதுகலை மாணவர், துப்பாக்கி உரிமையை வெளிப்படையாக ஆதரித்தவர். அந்த ஆதரவே அவர் சொன்னதைப் பலர் காதில் வாங்காததற்குக் காரணமானது. ஆனால் அவர் காட்டியது அரசியல் இல்லை, மேற்கோள். 1792ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டம், குடிப்படையில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குடிமகனும் ஒரு நல்ல மஸ்கட்டைத் தானே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பெலீலின் மேற்கோளில் அது, குடிமகனுக்கு மஸ்கட் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதாக இருந்தது. முதலாவது மக்கள் கையில் துப்பாக்கி இருந்ததை எடுத்துக்கொண்டு பேசும் சட்டம். இரண்டாவது அரசு கொடுக்க வேண்டிய நிலையைக் காட்டும் சட்டம். தான் எடுத்தாண்டது 1803ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாசகம் என்று பெலீல் பிறகு விளக்கினார். அப்படியே இருந்தாலும் ஆண்டு தப்பு. வாதத்தின் நடுவில் நிற்கும் ஒரு சட்ட வரியை மூலத்தோடு ஒத்துப் பார்க்க ஒரு நூலகத்தில் பத்து நிமிடம் போதும்.

ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் ஊர் ஆவணங்கள் அச்சிட்ட தொகுதிகளாகவே கிடைப்பவை. அங்கே 1680 முதல் 1730 வரை 186 பட்டியல்கள் பார்த்ததாகவும், எல்லாம் சொத்துள்ள ஆண்களுடையவை என்றும், 90இல் மட்டும் துப்பாக்கி இருந்தது, அவற்றிலும் பாதிக்கு மேல் பழையவை அல்லது தரமற்றவை என்றும் நூல் சொன்னது. லிண்ட்கிரென் அந்தத் தொகுதிகளைத் திறந்து பார்த்தார். அந்த 186இல் 17 பெண்களுடையவை. பழையது, பழுது என்று எழுதப்பட்டிருந்த துப்பாக்கிகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. உயில் எழுதாமலே இறந்த சுமார் நூறு பேருக்கு உயில் இருந்ததாகக் கணக்கில் வந்திருந்தது.

வெர்மான்ட் ஆவணங்களைப் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் 2001 செப்டம்பரில் நேரில் பார்த்தது. துப்பாக்கி உடைந்தது, பழையது என்று பெலீல் குறித்திருந்த இடங்களில் மூலப் பதிவேட்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி சான் ஃபிரான்சிஸ்கோவைப் பற்றியது. அந்தக் கவுன்ட்டியின் 1850களின் சொத்து ஆவணங்களைப் பார்த்ததாக அவர் எழுதியிருந்தார். அவை 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோனவை. எங்கே பார்த்தார் என்று கேட்டபோது பதில் இடம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் நகல் காட்டியது பக்கத்துக் கவுன்ட்டியான கான்ட்ரா கோஸ்டாவின் ஆவணங்களை. ஓர் ஆவணம் இன்று இருக்கிறதா என்று அந்த ஊர் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பது மதிப்பாய்வின் பகுதியாக அன்று இருக்கவில்லை, இன்றும் பெரும்பாலான வரலாற்று ஆய்விதழ்களில் இல்லை. இருந்திருந்தால் இந்த ஒரு ஊரிலேயே கட்டுரை நின்றுபோயிருக்கும்.

மூலக் குறிப்புகளை எல்லோரும் கேட்டார்கள். மஞ்சள் தாள் அட்டைகளில் பென்சிலால் கோடு போட்டு எண்ணியதாகவும், 2000 ஏப்ரலில் எமரியில் அவர் அறை இருந்த பௌடன் ஹால் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து அறை நனைந்ததில் அவை பெரும்பாலும் பாழானதாகவும் பெலீல் சொன்னார். குழாய் உடைந்தது உண்மை. ஆனால் அந்தத் தாள்கள் முழுதாக இருந்திருந்தாலும் பயன் சொற்பம். கோடு போட்டு எண்ணிய தாளில் எந்தக் கோடு யாருடைய பட்டியலுக்கு என்று இருக்காது. ஒரு கோட்டை எடுத்து மூலத்தோடு ஒத்துப் பார்க்க முடியாத தாளைத் தரவு என்று எந்த ஆய்விதழும் ஏற்கக் கூடாது.

துறையும் பல்கலைக்கழகமும்

‘வில்லியம் அண்ட் மேரி குவார்ட்டர்லி’ 2002 ஜனவரி இதழில் ஒரு விவாத அரங்கு வைத்தது. இந்த விவகாரத்தில் ஓர் ஆய்விதழ் செய்த மிகச் சிறந்த காரியம் அது. ஜாக் ரேகோவ், கிளோரியா மெயின், ஐரா க்ரூபர், ராண்டால்ஃப் ராத் நால்வரும் சட்டம், சொத்துப் பட்டியல், படை வரலாறு, கொலைக் கணக்கு என்று தத்தம் துறையிலிருந்து எழுதினார்கள். பெலீலுக்குப் பதில் எழுத அதே இதழில் இடம் கிடைத்தது. குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒரே அட்டைக்குள் அடிக்குறிப்போடு பேசியதால் வாசகர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. மெயின் குடியேற்றக் கால மேரிலாந்துப் பட்டியல்களில் நெடுங்காலம் வேலை செய்தவர், அவருடைய எண்கள் பெலீலின் எண்களுக்கு எங்கும் பக்கத்தில் இல்லை.

எமரி, வெளியிலிருந்து மூவரை அழைத்தது: பிரின்ஸ்டனின் ஸ்டான்லி கட்ஸ், சிகாகோவின் ஹன்னா கிரே, ஹார்வர்டின் லாரல் தாட்சர் உல்ரிக். ஜூலையில் எழுதி முடித்த அறிக்கை 2002 அக்டோபர் 25 அன்று வெளியானது. குழுவுக்கு வரையறுத்த ஐந்து கேள்விகள் தரப்பட்டிருந்தன. முதல் இரண்டு கேள்விகளில் வேண்டுமென்றே இட்டுக்கட்டினார் என்று தீர்மானமாகச் சொல்லச் சான்று போதவில்லை, ஆனால் வேலை கவனமற்றது, தவறான எண்ணத்தைத் தருவது, தொழில் தரத்துக்குக் கீழானது என்றது குழு. அட்டவணையில் மட்டும் அது ஒரு படி மேலே போனது. 1765–90 என்று தலைப்பிட்ட நெடுவரிசையிலிருந்து 1774 முதல் 1776 வரையிலான ஆண்டுகளை விட்டுவிட்டதாகப் பெலீலே விளக்கம் தந்திருந்தார். அந்த ஆண்டுகளில் துப்பாக்கி அதிகம். தலைப்பில் சொல்லாமல் விட்டது சான்றைத் தவறாகக் காட்டுவது என்றும், அட்டவணையை அமைத்த விதத்தில் திரித்தலுக்குச் சான்று உண்டு என்றும் குழு சொன்னது.

இட்டுக்கட்டல் வேறு, திரித்தல் வேறு, கவனக்குறைவு வேறு. குழு இந்த மூன்றையும் பிரித்துக் கையாண்டது முக்கியம். ஆய்விதழ் ஆசிரியர்கள் இதைக் கற்க வேண்டும். உள்நோக்கத்தை நிரூபிக்கக் காத்திருந்தால் எந்தத் திருத்தமும் நடக்காது. அட்டவணை தவறு என்று தெரிந்தால் திருத்த அதுவே போதும், ஆசிரியர் மனதில் என்ன இருந்தது என்பதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளட்டும். பெலீல் குழுவின் முடிவுகளை ஏற்கவில்லை. சொத்துப் பட்டியல் நூலின் சில பக்கங்கள் மட்டுமே என்றார். பக்கக் கணக்கில் அது உண்மைதான், ஆனால் நூலைப் பற்றிப் பேசிய எல்லோர் வாயிலும் வந்தது அந்த எண்தான்.

மதிப்பாய்வு ஏன் பிடிக்கவில்லை

மதிப்பாய்வாளருக்குச் சம்பளம் இல்லை, கையில் சில வாரங்கள்தான், அவர் படிப்பது வாதத்தை. நாற்பது ஊர்களின் காப்பகப் பெயர்கள் அடிக்குறிப்பில் வரிசையாக நின்றால், இவ்வளவு அலைந்திருக்கிறார் என்ற மரியாதைதான் முதலில் தோன்றும். அந்த நீளமே சரிபார்ப்பைத் தடுத்தது. ஒரு மேற்கோளுக்கு ஒரு காப்பகம், ஒரு தொகுதி, ஒரு பக்கம் என்று இருந்தால் எவரும் போய்ப் பார்க்கலாம். ஓர் அட்டவணைக்கு நாற்பது காப்பகம் என்றால் போக முடியாது. முடிவு பலருக்குப் பிடித்தமானதாக இருந்ததும் உண்மை. துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய சண்டை நாட்டில் சூடாக இருந்தபோது, அந்தச் சண்டையில் ஒரு பக்கத்துக்கு வரலாறு கைகொடுப்பதாகத் தோன்றியது. பிடித்த முடிவைச் சொல்லும் எண்ணைத்தான் இரண்டாம் முறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

கட்டுரை ஏற்கும் முன்

ஆவணங்களை எண்ணி எழுதிய எந்தக் கட்டுரைக்கும் ஆய்விதழ் கேட்க வேண்டிய முதல் பொருள் எண்ணிக்கைத் தாள். ஓர் ஆவணத்துக்கு ஒரு வரி. அந்த வரியில் காப்பகம், தொகுதி அல்லது மைக்ரோஃபிலிம் சுருள் எண், பக்கம், ஆண்டு, இறந்தவர் ஆணா பெண்ணா, பட்டியல் பொருள் வாரியா மொத்தமா, தேடிய பொருள் உண்டா, அதை எழுத்தர் எழுதிய சொற்கள் அப்படியே. அந்தக் கடைசி நெடுவரிசை முக்கியம். ‘பழுது’ என்று ஆய்வாளர் போட்ட குறியும், எழுத்தர் எழுதிய சொல்லும் தனித்தனி நெடுவரிசையில் இருந்தால்தான் வெர்மான்டில் நடந்தது மறுபடி நடக்காது.

அந்தத் தாளிலிருந்து 20 வரிகளைக் குலுக்கி எடுத்து மூலத்தின் படத்தைக் கேட்கலாம். பத்தில் ஒரு வரி தவறு என்றிருந்தால், 20இல் குறைந்தது ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 88 சதவீதம். 30 எடுத்தால் 96. இருபதில் ஒன்றுதான் தவறு என்றால் 20 வரி போதாது, வாய்ப்பு 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வரிகளைத் தேர்வது ஆய்விதழாக இருக்க வேண்டும், கட்டுரையாளர் தேர்ந்து அனுப்புவதில் பயனில்லை. அடுத்து, மேற்கோள் காட்டிய காப்பகங்களில் மூன்று நான்கிற்கு ஒரு மின்னஞ்சல்: இந்த ஆண்டுகளின் இந்த வரிசை உங்களிடம் இருக்கிறதா? அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கையும் சதவீதமும் சேர்ந்தே அச்சாக வேண்டும், விட்ட ஆண்டுகள் அட்டவணையின் அடியிலேயே வர வேண்டும்.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கொண்டு நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சமூகம், நில உடைமை பற்றிய முடிவுகளுக்கு வந்தார்கள். தோரு மட்சுயியையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயர்களின் முழு அடைவையும் 1978இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக அச்சிட்டார்கள். அவர்களுடைய ஓர் எண்ணில் ஐயம் வந்தால் அடைவைத் திறந்து, கல்வெட்டைப் பிடித்து, மறுபடி எண்ணலாம். கணினி பரவலாகாத காலத்தில் செய்த வேலை அது.

புகார் வந்த பிறகு

1997இல் தொடங்கிய பதிப்பக நெறிமுறைக் குழுவான கோப் வகுத்த வழி மருத்துவ இதழ்களுக்கென்று பிறந்தாலும் வரலாற்றுக்கும் பொருந்தும். புகாரைக் குறிப்பான கேள்விகளாக மாற்றிக் கட்டுரையாளருக்கு அனுப்பி மூலத் தரவைக் கேட்க வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றாலோ வரவே இல்லை என்றாலோ அவருடைய நிறுவனத்துக்கு எழுத வேண்டும். விசாரணை இழுத்தால் அதுவரை கட்டுரையின் மேல் ஐயக் குறிப்பு போட வேண்டும். புகார் சொன்னவர் யார், எந்தக் கட்சி என்பது இதில் எங்கும் வராது. கிரேமரின் மேற்கோள் புகாரைச் சட்டப் புத்தகத்தைத் திறந்து தீர்த்திருக்கலாம், அவர் யார் என்று பார்த்ததில்தான் காலம் போனது. இன்னொரு பக்கம், பெலீலுக்கு மிரட்டல்கள் வந்தன. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் அதைக் கண்டித்தது சரியான செயல். ஆனால் மிரட்டுபவர்களிடமிருந்து ஒருவரைக் காப்பதும், அவருடைய அட்டவணையைச் சரிபார்க்காமல் விடுவதும் ஒன்றல்ல.

நடுவர் யார் என்பதில் 2003க்குப் பிறகு ஒரு வெற்றிடம் உண்டு. தனிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் வேலையை அமெரிக்க வரலாற்றுச் சங்கம் அந்த ஆண்டு நிறுத்திக்கொண்டது. நெறிமுறை அறிக்கை எழுதுவது, கற்பிப்பது என்பதோடு சரி. ஆகவே பொறுப்பு ஆய்விதழுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அட்டவணை இல்லாத கட்டுரையிலும் ஓட்டை உண்டு. கொலம்பியாவின் சார்ல்ஸ் ஆம்ஸ்ட்ராங் வட கொரியா பற்றி 2013இல் வெளியிட்ட நூலில், பாலாஜ் சலோன்டாய் ஹங்கேரிய ஆவணங்களிலிருந்து எழுதிய செய்திகள், வேறு நாட்டுக் காப்பக அடிக்குறிப்புகளோடு வந்திருந்தன. நூலுக்குக் கிடைத்த ஃபேர்பேங்க் பரிசை ஆம்ஸ்ட்ராங் 2017இல் திருப்பித் தந்தார். பல்கலைக்கழகம் எழுத்துத் திருட்டு என்று முடிவு செய்தது. இங்கேயும் வழி அதேதான்: ஐந்து அடிக்குறிப்புகளைத் தேர்ந்து, அந்தக் கோப்பின் அந்தப் பக்கத்தின் படத்தைக் கேட்பது. அந்த மொழியும் அந்தக் காப்பகமும் தெரிந்த ஒரு மதிப்பாய்வாளரைத் தேடுவது.

திருத்தம் எவ்வளவு தூரம் போகிறது

நாஃப் நூலை விற்பனையிலிருந்து நிறுத்தியது. 2003இல் சாஃப்ட் ஸ்கல் என்ற சிறு பதிப்பகம் திருத்திய பதிப்பை வெளியிட்டது. இதற்கிடையில் 2002 டிசம்பர் 5 அன்று, ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சில்வேரா எதிர் லாக்கியர் என்ற ஆயுதச் சட்ட வழக்கில் தந்த தீர்ப்பு பெலீலின் ஆய்வை மேற்கோள் காட்டியிருந்தது. எமரி அறிக்கை வெளிவந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. 2003 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பைத் திருத்தி அந்த மேற்கோள்களை எடுத்துவிட்டது.

ஆய்விதழ்களுக்கு இது சரியான அளவுகோல். தவறென்று தெரிந்த கட்டுரையை நீக்கிவிடக் கூடாது, எதைத் திருத்துகிறோம் என்று வாசகர் பார்க்க அது அங்கேயே இருக்க வேண்டும். அதன் முதல் பக்கத்திலேயே, பணம் கட்டாமல் திறக்கும்படி, எந்த அட்டவணை, எந்தப் பத்தி, என்ன தவறு, யார் கண்டுபிடித்தது, கட்டுரையாளர் ஒப்புக்கொள்கிறாரா, எந்தத் தேதியில் குறிப்பு போடப்பட்டது என்பவை வர வேண்டும். அடுத்து வரும் அச்சு இதழில் அதே குறிப்பு பொருளடக்கத்தில் தனித் தலைப்போடு இடம்பெற வேண்டும், வாசகர் கடிதங்களுக்கு நடுவில் அல்ல. அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி வெளியான கட்டுரைகளின் பட்டியலை எடுத்து அந்தந்த ஆசிரியர்களுக்கும் இதழ்களுக்கும் எழுதுவது அலுவலகத்தில் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை.